பூட்டைப் போட்டுவிட்டுச் செத்த புரோகிராம்

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தது மூன்றே பேர்: ஜவுளிக்கடை முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, நான். கீழே தி.நகர் கடை. வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்பும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாதம் ஆறாயிரம்.

வெள்ளிக்கிழமை. ஆடித் தள்ளுபடி மெயில் பத்தேகாலுக்குக் கிளம்பியது. பத்தரைக்கு ராகு காலம்.

"நிறுத்துல. மிச்சத்தப் பன்னெண்டுக்கு மேல விடு" என்றார் முதலாளி.

"முறையா நிறுத்தணும் அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம்..."

நான் முடிப்பதற்குள் கணக்குப்பிள்ளை சுவிட்சையே அணைத்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த மெயில் புரோகிராம் பாதியிலேயே செத்தது.

பன்னிரண்டுக்குப் பிறகு போட்டால் ஒரு மெயிலும் நகரவில்லை. மிஷின் கொதித்தது, விசிறி அலறியது.

"இன்னாபா, உன் மிஷின் மூச்சு வாங்கிக்கினு கீது?" என்று கணக்குப்பிள்ளை சிரித்தார். அணைத்த கை அவருடையது!

"ஒம்பதாப்பு தாண்டாதவன் கையில குடுத்தா இப்படித்தாம்ல. சாயங்காலத்துக்குள்ள போகலன்னா வேலையும் கிடையாது, காசும் கிடையாது" என்றார் முதலாளி.

படிப்பை இழுத்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கோளாறு எனக்குப் புரிந்தது. முகவரிப் பட்டியலைத் தொடும் புரோகிராம் முதலில் ஒரு சின்ன ஃபைலைப் பூட்டாக வைக்கும். வேலை முடிந்ததும் எடுத்துவிடும். காலையில் பூட்டை வைத்த புரோகிராம், அதை எடுக்காமலே செத்துப்போனது. பின்னால் காத்திருந்த புரோகிராம்களெல்லாம் "திறந்தாச்சா, திறந்தாச்சா" என்று ஓயாமல் கேட்டுக் கேட்டே மிஷினைத் தின்றன. மெயில் பறக்க வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தியதால், கேட்கும் இடைவெளியைக் குறைத்து வைத்தவன் நான்தான். அதற்கு என்னையே அறையலாம் போலிருந்தது.

பூட்டிய புரோகிராம் உயிரோடிருக்கும்போது பூட்டை அழித்தால் பட்டியலே நாசமாகும். பூட்டு ஃபைலில், பூட்டிய புரோகிராமின் அடையாள எண் இருக்கும்; அதை அப்போது ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் எண்களோடு மூன்று முறை ஒப்பிட்டேன். அந்த எண்ணில் எதுவும் ஓடவில்லை. பூட்டை அழித்தேன். இனி பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டால் போதும் என்று மாற்றினேன். விசிறி அடங்கியது. நாலு மணிக்குள் எல்லா மெயிலும் போய்விட்டது.

அந்த மாதச் சம்பளமாக முதலாளி இரண்டாயிரத்து ஐந்நூறை எண்ணி நீட்டினார். "அர நாள் யாவாரம் போச்சே, அத யாரு தருவா?"

"சுவிட்ச அணைச்சது யாரு அண்ணாச்சி?"

"எதுத்தா பேசுத? மிச்சம் அப்புறம் பாப்போம்."

படியிறங்கினால் கடை வாசலில் அந்த மெயிலைப் போனில் காட்டிக்கொண்டு கூட்டம் முண்டியடிக்கிறது. நான் மறுபடி அந்த மாடி ஏறவில்லை.

எனக்கு வர வேண்டிய பாக்கி இன்றுவரை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.