போனில் கை தெரியாது

முதல் நாள் வகுப்பில் அவள் தான் செய்த பொருளை விளக்கியது இப்படித்தான்: “கேன இதுமேல வெச்சினு, இத்த காலால இப்டி ஒரு இது பண்ணா, அது அப்டியே இது ஆயி, தண்ணி தானா வரும் மேம்.” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. அவளுடைய கைகள் காற்றிலேயே ஒரு தண்ணீர் கேனை நகர்த்தி வைத்தன, சாய்த்தன, அடியில் சொம்பைப் பிடித்தன, நிறைந்ததும் கேனை நிமிர்த்தின. வாய்தான் ‘இது, இது’ என்று வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில், பொருள் வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்ததை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லக் கற்றுக்கொடுப்பது என் வேலை. நாற்காலி செய்வது எப்படி என்று மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். செய்த நாற்காலியைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்பது என் தலையில் விழுந்தது. வருஷம் மாறும், முகங்கள் மாறும், நான் சொல்வது மட்டும் மாறாது. திரையைப் பார்த்துப் படிக்காதே, எதிரே இருப்பவரைப் பார்த்துப் பேசு. ‘எல்லாருக்கும் பயன்படும்’ என்று சொல்லாதே, யாருக்கு என்று சொல். ‘சும்மா பண்ணேன் மேம்’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதே, சும்மா பண்ணினதற்கு எவனும் சம்பளம் தரமாட்டான். ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று ஊதிவிட்டு, மாலையில் ஐயப்பன்தாங்கல் பஸ்ஸில் ஏறி, மெட்ரோ வேலைப் புழுதியில் வண்டி நகராமல் நிற்க நிற்க ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன்.

அவள் பாரிவாக்கத்துப் பெண். தாத்தா காலத்தில் பிறத்தியார் வயலில் கூலி வேலை. அந்த வயல்களெல்லாம் பிளாட்டுகளாகிவிட்டன. அப்பா ஒரு குடோனில் சரக்கு இறக்குகிறார், அம்மா காட்டுப்பாக்கத்தில் சில வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறார். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபிறகு கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேன் போடுகிறவரோ வாசலிலேயே வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் பறந்துவிடுவார். அதற்காகத்தான் அவள் அந்தக் கேன் தாங்கியைச் செய்தாள். தரையோடு தரையாக இருக்கும், கேனைத் தூக்கவே வேண்டாம், உருட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டால் போதும். காலால் மிதித்தால் சாயும், காலை எடுத்தால் நிமிரும். என் வீட்டில் கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் பாதித் தண்ணீர் தரைக்குத்தான். அதனால் அதன் அருமையை எனக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை.

படிப்பு முடிகிற சமயத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனி வடிவமைப்புக்கு ஆள் தேடியது. நேர்காணல் போனில். அவள் வீட்டிலோ அப்பா முடிவாகச் சொல்லிவிட்டிருந்தார்: வேலை வந்தால் சரி, வராவிட்டால் பூந்தமல்லி ஜவுளிக்கடையில் சொல்லி வைத்திருக்கிறது, போய் நிற்க வேண்டியதுதான். போன் என்றதும் அவள் முகம் வாடிப்போயிற்று. “போன்ல எப்டி மேம்? கை தெரியாதே.”

அவளைப் பக்கத்து அறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். நான் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லக் காகிதத்தில் வரைந்தேன். “மிதி எங்கே இருக்கு?” “கீழ மேம்.” “எதுக்குக் கீழே?” “அதுக்குக் கீழ.” முதல் நாள் நான் வரைந்தது கோழிக்கூடு மாதிரி இருந்தது. பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள். ‘இருக்கு’ என்பதற்கு அவள் சொல்கிற ‘கீது’வை நான் திருத்தவில்லை. அம்பத்தூரில் ‘கீது’ புரியாதவர்கள் கிடையாது. ‘இது’தான் புரியாது. தினமும் வகுப்பு முடிந்து உட்கார்ந்தோம். ஒரு நாள் அவள் நிதானமாகச் சொன்னாள்: “கேன் நேரா நிக்கும், வாய் மேல கீது. மின்னாடி தரையோட ஒரு மிதி கீது. அத்த அமுக்குனா கேன் முழுசா படுக்காது, பாதி சாயும். சொம்பு ரொம்புனதும் கால எட்த்தா, ஸ்பிரிங்கு இஸ்து நிமித்திக்கும்.” கையெடுக்காமல் வரைந்தேன். காகிதத்தில் அவளுடைய தாங்கியே வந்து நின்றது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த மாதிரி சந்தோஷம் இந்த வேலையில் அடிக்கடி வருவதில்லை.

நேர்காணலன்று கதவுக்கு வெளியே நின்றேன். அவள் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வெளியே வந்தவள், “‘ரொம்ப தெளிவா சொல்றீங்கம்மா’ன்னாங்க மேம். இன்னொர்த்தரயும் கூப்ட்டு கேக்க வெச்சாங்க” என்றாள். அன்று மாலை பஸ்ஸில் நான் தூங்கவில்லை.

வேலை கிடைத்தது. ஆனால் வடிவமைப்பில் இல்லை. வாங்கியவர்களின் புகாரைக் கேட்டு, பொருளை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று போனில் விளக்கும் பிரிவில். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்து, நேர்காணல் எடுத்த அதிகாரியைப் போனில் கூப்பிட்டேன். அந்தத் தாங்கியை யோசித்துச் செய்தவளே இவள்தான் என்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். “தெரியும் மேடம். வரையறதுக்கு எங்களுக்கு ஆள் கிடைச்சிடுவாங்க. இவ்ளோ நல்லா புரியவைக்கிற ஆள்தான் கிடைக்கமாட்டாங்க.” போனை வைத்துவிட்டு அவளிடம் அதை அப்படியே சொன்னேன். அவளுக்குத்தான் என்மேல் இரக்கம் வந்தது போல. “உடுங்க மேம். ஜவுளிக்கடைல நாள் முச்சூடும் நின்னுனு இருக்கணும். இங்க உக்காந்துனு பேசலாம்ல” என்றாள்.

அவள் இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அந்தத் தாங்கியை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. போன மாதம் பேசினாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போனில் எப்படிப் பேசுவது என்று அவள்தான் சொல்லித்தருகிறாளாம், சம்பளமும் கூடியிருக்கிறதாம். பெருமையாகத்தான் சொன்னாள். ஏதாவது வரைகிறாயா என்று கேட்டேன். “எங்க மேம், பேசிப் பேசியே ஓஞ்சிட்றேன்” என்றாள். எனக்குத் தெரிந்த களைப்புதான் அது.

இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு எடுத்தேன். அதே பேச்சுதான், அதே சங்குதான். முடிக்கிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “நல்லா பேச கத்துகினா கண்டிப்பா வேலை கெடைக்குமா மேம்?”

“கிடைக்கும்” என்றேன்.

எந்த வேலை என்று யாரும் கேட்கவில்லை.