பத்தொன்பதாம் நாள் காலைக் காட்சி

கான்பூரில், தோல் பட்டறைகள் நெருக்கியடிக்கும் ஜாஜ்மவ் பகுதியில், குதிரைச் சேணம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலை. அங்கே பிரமிளா குரீலுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. தைத்து வருகிற ஒவ்வொரு வாரையும் விளக்கடியில் திருப்பிப் பார்ப்பாள். அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்க வேண்டும். ஏழு இருந்தால் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். எட்டு வருடமாக இதையே செய்து செய்து, எதைப் பார்த்தாலும் விட்டுப்போன தையல்தான் அவள் கண்ணில் முதலில் படும்.

அந்த வெள்ளிக்கிழமை, தொழிற்சாலைக்கு வார விடுமுறை. மாலில் இருக்கும் தியேட்டரில் காலைக் காட்சிக்கு வந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஹேமந்த் வாஜ்பாயி. பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள இன்டர் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளன். முப்பத்தொரு வயதில் இன்னும் படத்துக்கு வாய் திறந்து சிரிக்கத் தெரிந்தவன். இருவரும் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்து அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

கோயிலில் ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கலாம். ஹேமந்துக்கு அதில் தயக்கமில்லை. பிரமிளாதான் மாட்டேன் என்றாள். எந்த நெருப்புக்கு அருகில் தன் தாத்தாவை நிற்கவிட்டதில்லையோ அந்த நெருப்பை ஏழு முறை சுற்றித்தான் தான் மனைவியாக வேண்டும் என்றால் அப்படியொரு மனைவி ஆகாமலே இருந்துவிடுவேன் என்றாள். அதனால் சிறப்புத் திருமணச் சட்டம். அந்தச் சட்டப்படி இருவர் பெயரும், அப்பன் பெயரும், வீட்டு முகவரியும் முப்பது நாள் கலெக்டர் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். சொந்த சாதியில், அப்பன் பார்த்த பெண்ணைக் கட்டுகிறவனுக்கு எந்தப் பலகையும் கிடையாது.

ஹேமந்தின் பிராமண வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது. முப்பது நாளும் தெரியாமல் கழிய வேண்டும். அவளுடைய உயிர் அந்தப் பலகையில்தான் இருந்தது.

திரையில் கான்பூர் என்றார்கள். பிரமிளா முன்னால் சாய்ந்து தேடிப் பார்த்தாள். சாக்கடை இல்லாத சந்து, மின்கம்பி இல்லாத வானம், பவழமல்லி பூத்த முற்றம். அந்த ஊரில் ஒரு தோல் பட்டறைகூட இல்லை. நாயகி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புது லெஹங்காவில் ஸ்கூட்டரில் பறந்தாள். நாயகன் லண்டனிலிருந்து வந்தவன். வேண்டாம் என்று அவள் மூன்று தரம் சொன்ன பிறகும் அவள் வீட்டு மாடி வரைக்கும் ஏறிப்போனான். தியேட்டர் கைதட்டியது. அவன் டெல்லி பஞ்சாபி, அவள் கான்பூர் வியாபாரி மகள். அவன் முட்டை தின்பான் என்பதுதான் இரண்டு மணி நேரச் சிக்கல். தேநீர்த் தட்டோடு பதினோரு தரம் வந்துபோன வேலைக்காரப் பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிரமிளா எண்ணினாள்.

இடைவேளைக்குப் பிறகு இருவரும் பதிவுத் திருமணம் செய்யப் போனார்கள். தொப்பை குலுங்கும் அதிகாரி ஒருவர் எழுந்து ஆடினார். நண்பர்கள் ரோஜா இதழைத் தூவினார்கள். ஒரு கையெழுத்து, ஒரு முத்தம், வெளியே. கடைசியில் நாயகியின் அப்பா காரை விட்டு இறங்கி, “வீட்டுக்கு வாம்மா” என்று கைகளை விரித்தார். ஹேமந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிரமிளா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே உருளைக்கிழங்கு டிக்கி சுட்டு விற்கும் தள்ளுவண்டியருகே தொன்னையை வாங்கிக்கொண்டு, படம் எப்படி என்று அவன் கேட்டான்.

“மூணு நிமிஷம் பத்தொன்பது செகண்டு” என்றாள்.

“எது?”

“அவங்க கல்யாணம். உள்ள போயி வெளிய வர்ற வரைக்கும். பலகை எங்க ஹேமந்த்? முப்பது நாள் எங்க?”

“படத்துல முப்பது நாளைக் காட்டினா எவன் டிக்கெட் வாங்குவான்? உனக்கு எதுலயும் ஒரு தையல் விட்டுப்போயிருக்கணும்.”

“இதுல துணியே இல்லயே, தையலுக்கு எங்க போறது?”

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தொன்னையைப் பார்த்தபடியே, பாபுஜியிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்றான். அப்பா கத்துவார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார், பிறகு தானே இறங்கி வருவார். உள்ளுக்குள் அவர் இளகிய மனிதர். ஒளித்துச் செய்வதுதான் அவரை அதிகமாக நோகடிக்கும். அவன் வாயிலிருந்து வந்தது சற்று முன் திரையில் கேட்டதேதான் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மனிதனைப் பலகையிடமிருந்து காப்பாற்றினால் போதும் என்று நினைத்திருந்தாள். இப்போது படத்திடமிருந்தும் காப்பாற்ற வேண்டும்.

“வா” என்றாள். “முதல்ல ஒண்ணைப் பாரு. அப்புறம் எங்க வேணாலும் போ.”

கலெக்டர் அலுவலகம் போகும் ஷேர் டெம்போவில் அவனை ஏற்றினாள். கலெக்டர் அலுவலகத்து வராந்தாவுக்கு அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வருவது அவனுக்குத் தெரியாது. போன வாரம் அவர்கள் தாளின்மேல் வேறு நான்கு தாள்களைக் குத்திவிட்டிருந்தார்கள். அன்றிரவுதான் அவள் கொஞ்சம் தூங்கினாள்.

பலகை முன்னால் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் பள்ளிக்கூட நோட்டு. மேல் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் இருப்பதைப் படித்து, நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். நான்காவது தாளைத் தூக்கிக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார். அடியில் ‘வாஜ்பாயி’ தெரிந்தது.

“என்ன எழுதுறீங்க?” என்றாள் பிரமிளா.

“வீட்டு விலாசம்மா” என்றார் அவர், எழுதுவதை நிறுத்தாமல். “பெத்தவங்களுக்குத் தெரியணுமில்ல. நாமதான் சொல்லிட்டு வரணும்.”

“யாரு உங்களை அனுப்புறது?”

“யாரும் அனுப்பல. சேவைதான். மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வருவேன்.” அவளை இப்போதுதான் பார்த்தார். “நீ எதுக்கும்மா வந்திருக்க?”

அந்த நோட்டைப் பிடுங்கிவிட அவள் கை துடித்தது. பிடுங்கி என்ன பயன்? அவர் திருட்டு எதுவும் செய்யவில்லை. எல்லாரும் படிக்கட்டும் என்று அரசாங்கமே ஒட்டியதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். தாளைக் கிழித்தால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹேமந்த் அவளைக் கடந்து முன்னால் வந்தான்.

“அது என் விலாசம்” என்றான். “உங்களுக்கு எதுக்கு அலைச்சல். நானே சொல்லிக்கிறேன்.”

போனை எடுத்தான். முதல் தரம் தப்பான பெயரை அழுத்தினான். அவள் தடுக்கவில்லை. இனித் தடுத்தும் பிரயோசனமில்லை. மாலைக்குள் எப்படியும் அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு இவன் என்ன செய்வான் என்பது ஒன்றுதான் பாக்கி.

பாபுஜியிடம் அவன் நான்கு வாக்கியம் சொன்னான். பெண்ணின் பெயர், வேலை, எழுதிக் கொடுத்த தேதி. குரீல் என்ற, தோல் வேலை செய்கிறவர்களின் சாதிப் பெயரை அவன் முழுங்கவில்லை. அதை அவள் கவனித்தாள். மறுமுனையில் பேசிய குரல் அவளுக்கும் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

“வீட்டுக்கு வாடா கண்ணா. உக்காந்து பேசலாம்.”

அவன் கண் நிறைந்தது. அடுத்து இவன் படியிறங்கிப் போய்விடுவான் என்று நினைத்தாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அது அவனே எடுக்க வேண்டிய முடிவு.

“இப்ப வந்தா என்னை வெளிய விட மாட்டீங்க பாபுஜி” என்றான் ஹேமந்த். “பன்னெண்டு நாள் கழிச்சு வரேன். ரெண்டு பேருமா வரோம்.”

வைத்துவிட்டு அப்படியே வராந்தாப் படியில் உட்கார்ந்தான். நோட்டுக்காரர் அந்த வரியை எழுதி முடித்து, அடுத்த தாளைத் தூக்கினார்.

அன்று மாலையே அவன் ஜாஜ்மவ்வில் பிரமிளாவோடு வேலை செய்யும் நஸ்ரீனின் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனான். மாற்றுச் சட்டை இல்லை. தொழிற்சாலை வாசலில் அவன் வீட்டார் அனுப்பிய இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மூன்று நாள் நின்றன. கல்லூரிக்குப் போன ஹேமந்தின் சித்தப்பா முதல்வரிடம் அழுதார். இருபத்தொன்பதாம் நாள் வக்கீலோடு வந்து ஆட்சேபமும் கொடுத்தார்: பையனுக்குப் புத்தி சுவாதீனமில்லை. ஆதாரம் என்ன என்று அதிகாரி கேட்டபோது, “வாஜ்பாயி வீட்டுப் பையன் குரீல் பொண்ணைக் கட்டுறேங்கிறான். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?” என்றார். அறையில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதிகாரி தலையாட்டி அதை எழுதியும் கொண்டார். அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். ஒரு மனிதன் ஒரு பெண்ணை மனிதப் பிறவியாக நினைத்தால் அவன் பைத்தியமில்லை என்று ஒரு டாக்டர் முத்திரை குத்த வேண்டியிருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து அவர் முத்திரை குத்த ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். அத்தனை நாளும் பிரமிளா தைத்து வந்த வார்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் அவள் கண் நிற்கவில்லை.

நாற்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நஸ்ரீனும் அவள் அண்ணனும் பிரமிளாவின் அம்மாவும் சாட்சி. யாரும் ஆடவில்லை. நகல் வேண்டுமானால் திங்கட்கிழமை வரச் சொன்னார் குமாஸ்தா.

வெளியே வந்ததும் பிரமிளா இடமும் வலமும் பார்த்தாள். வாசல், டீக்கடை, வண்டி நிறுத்தும் இடம்.

“யாரைத் தேடுற? முடிஞ்சிடுச்சு பிரமிளா” என்றான் ஹேமந்த்.

“உங்க வீட்டுக்கு எந்த டெம்போ?” என்று கேட்டாள் அவள். “வரோம்னு சொல்லியிருக்க இல்ல?”

அவன் வண்டி வரும் பக்கத்தைக் கையால் காட்டினான். முதலில் வந்த வண்டியில் அவள் ஏறினாள். அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, அவன் ஏறும்வரை டிரைவரைக் கிளம்பவிடாமல் பிடித்துவைத்தாள்.