வழிவிட்டு வழிவிட்டுக் கருகிய கிளட்ச்: ஏற்காட்டில் ஒரு சனிக்கிழமை

திருமணமாகிப் பத்து வருடம் முடிந்ததைக் கொண்டாட, போன சனிக்கிழமை நானும் மனைவி கவிதாவும் ஏற்காடு போனோம். எங்களிடம் கார் இல்லை. கவிதாவின் தம்பி பிரபு, வாங்கி ஒரு மாதமே ஆன தன் காரைத் தந்தான். "கீறல்கூட விழக்கூடாதுங்க மாமா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

சேலத்திலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். நான்தான் பெரிய மரியாதைக்காரன் ஆயிற்றே! மேலிருந்து எது வந்தாலும் நிறுத்தி வழிவிட்டேன். ஹேண்ட் பிரேக் போடாமல், கிளட்சைப் பாதி அழுத்தியபடியே காரைச் சரிவில் பிடித்து வைத்திருந்தேன். பதினான்காவது வளைவில் கருகல் நாற்றம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. ஐயையோ, பிரபுவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

முக்கி முனகி ஒரு டீக்கடை ஓரச் சமதளத்தில் ஒதுக்கினேன். பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்துக்கு ஜீப் ஓட்டும் முருகேசன் என்பவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். கருகல் நாற்றம் பிடித்து அவரே எழுந்து வந்தார்.

"ஏனுங்க, எறங்குற வண்டிக்கெல்லாம் நின்னு நின்னு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"அட போங்க! மலையில ஏறுற வண்டிக்குத்தானுங்க மொதல்ல வழி. எறங்குறவந்தான் நிக்கோணும். நொம்ப சூடாயிருச்சு, அரை மணி நேரம் ஆறட்டுங்க."

ஆறியதும் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தச் சொன்னார். நாலாவது கியர். கிளட்சிலிருந்து மெதுவாகக் காலை எடுக்க வேண்டும்.

"இன்ஜின் நின்னா கிளட்ச் புடிக்குதுங்க. நிக்காம ஓடுனா பிளேட்டு போச்சுங்க."

கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். டக்கென்று நின்றது! இன்ஜின் நின்றதற்காக நான் கைதட்டியது அன்றைக்குத்தான்.

பிறகு எந்த வளைவிலும் நிற்கவில்லை. இறங்கி வந்த பஸ்களே ஒதுங்கி நின்றன. மலை உச்சியிலுள்ள சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டு, வெளியே குளிர்காற்றில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மனசு நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: சரிவில் நின்றால் ஹேண்ட் பிரேக் போடுங்கள். கியர் மாற்றியதும் கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஆறிய பிறகும் அந்தச் சோதனையில் இன்ஜின் நிற்காவிட்டால் மேலே ஏறாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மாலை சாவியைக் கொடுக்கும்போது, "சொல்லாதீங்க" என்று கவிதா கண்ணைக் காட்டியும், எல்லாவற்றையும் பிரபுவிடம் சொல்லிவிட்டேன். அவன் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். பிறகு சாவியை என்னைத் தாண்டி நீட்டினான்.

"அடுத்த தடவ நீ ஓட்டுக்கா."

அவள் வாங்கிக்கொண்டாள்.