ஆறு சிலிண்டர் மீட்டர், நாலு சிலிண்டர் கார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுபவள் என் மனைவி. எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் பதிவைப் புதுப்பிப்பது, பெயர் மாற்றுவது, காப்பீட்டில் பிழை திருத்துவது என்று, காரை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் செய்யக்கூடிய அத்தனையும் தெரியும். அரசாங்க உத்தியோகம் தந்த திறமை.

போன வருடம் அவளுக்குக் காது மந்தமாயிற்று. வீட்டுக்குள் காது மிஷின் வைத்துக்கொள்வாள். காரில் வைத்தால் தகரத்தை உருட்டுவதுபோல் இரைகிறது என்று கழற்றிவிடுவாள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றிப் பழகியவள். சத்தம் போனதும் வண்டி திணறித் திணறி நின்றது. ஒருநாள் சிக்னலில் நின்றுபோய், பின்னால் இருந்தவர்கள் இறங்கிவந்து திட்டிய பிறகு, "வித்துடுங்க" என்றாள். காது கேளாதவரும் ஓட்டலாம் என்ற விதியை எடுத்துக் காட்டினேன்.

"விதி வந்து கியர் போடுமா?" என்றாள். அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எங்கே போவதானாலும் ஆட்டோவில் என் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிரான்சில் பென்ஷன் வாங்கும் அவளுடைய தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஓர் ஆர்.பி.எம். மீட்டரைக் கொண்டுவந்தான். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று அதன் முள் காட்டும். அங்கே தான் ஒழித்துக்கட்டிய காரிலிருந்து கழற்றினானாம்.

"காதால கேக்க வேணாங்கா, கண்ணால பாரு. ரெண்டாயிரத்து ஐந்நூறு வந்தா கியர மாத்து." அன்றே காரில் மாட்டி, 'இதோ பார்' என்பதைப் பிரெஞ்சில் "வுவாலா!" என்றான்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே சோதனை ஓட்டம். நாங்கள் இருவரும் பின்சீட்டில். முள் நிதானமாக ஏறியது. எஞ்சின் அலறியது. இரண்டாயிரத்தைத் தொட்டபோது கண்ணாடிகள் அதிர்ந்தன. எதிர்வீட்டுக்காரர் பாதி சவரத்தோடு வாசலுக்கு ஓடிவந்தார். கேட்கத் தெரிந்த எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தவளுக்குக் கேட்கவில்லை. மாறாத புன்னகையோடு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் காத்திருந்தாள். அவள் தோளைப் பிடித்து உலுக்கி நிறுத்தினான் தம்பி.

"ஏன்டா, நல்லாத்தான போவுது?"

"மச்சான், உன் காருக்கு எத்தனை சிலிண்டர்?" என்றேன்.

"ஆறு மாமா."

"இதுக்கு நாலு."

அந்த மீட்டர் எஞ்சினுக்குள் விழும் தீப்பொறிகளைத்தான் எண்ணுகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று பொறி போடும். எங்களுடையது இரண்டுதான். ஆகவே மூவாயிரம் சுற்றினால் இரண்டாயிரம் என்று காட்டும்.

"காட்டுறத ஒன்றரையால பெருக்கிக்கோ அக்கா," என்று அவள் காதருகே கத்தினான்.

"நான் வண்டி ஓட்டவா, வாய்ப்பாடு ஒப்பிக்கவா?"

மீட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். உள்ளே ஒரு சின்னத் திருகு இருந்தது. முள்ளை ஏற்றி இறக்க அதுதான் வழி. அளவு பார்க்க வீட்டு மின்சாரமே போதும் என்றேன். அது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் இருக்கும்வரை நொடிக்கு ஐம்பது துடிப்பு தப்பாது. நிமிடத்துக்கு மூவாயிரம். சுற்றுக்கு இரண்டு பொறி என்றால், முள் ஆயிரத்து ஐந்நூறு காட்ட வேண்டும். சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாகக் கொடுத்தபோது, முள் எதிர்பார்த்தபடி மூன்றில் இரண்டு பங்காக, ஆயிரத்தில் நின்றது.

திருப்புபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று முறைப்படி பொறுப்பைப் பிரித்தேன்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். போச்சு, தாண்டிடுச்சு, இறக்கு."

"மாமா, இது என்ன ஃபைலா, திருப்பித் திருப்பி அனுப்ப?"

"ரெண்டு பேரும் தலைய எடுங்க, முள்ளு தெரியல!" என்று இடையில் புகுந்தாள் என் மனைவி. ஆயிரத்து ஐந்நூறில் முள் நின்றதும் அவளே நகப்பூச்சைக் கொண்டுவந்து திருகு இனி நகராதபடி அதன்மேல் ஒரு சொட்டு வைத்தாள்.

மறுநாள் காலை மீட்டரை மீண்டும் மாட்டி, வண்டியை வெளியே எடுத்தாள். கேட்டைச் சாத்திவிட்டு ஏறலாம் என்று நாங்கள் திரும்பினால், கார் கிளம்பிவிட்டது. தெருவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டோம். எஞ்சின் சத்தம் ஏறியது, சரியான இடத்தில் தணிந்தது.

"ரெண்டாவது கியர்," என்றான் மச்சான்.

மறுபடி ஏறியது, தணிந்தது. "மூணு," என்றேன் நான். என் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் மீண்டும் எட்டிப் பார்த்தார்.

அரைநாள் கழித்து வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு கூடை மீனோடு வந்து இறங்கினாள். வேர்வையும் சிரிப்புமாக, ஒரு சிக்னல் விடாமல் கதை சொன்னாள். வண்டி எங்கேயும் நிற்கவில்லையாம்.

"நாளைக்குக் குருசுக்குப்பம் போறேன்," என்றாள். "வேணும்னா நீங்களும் வாங்க. ஆனா பின்சீட்டுல."