நூற்று அறுபத்து மூன்று பருந்துகள்

கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யார் விதித்தார்களோ, அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. விதித்தவர்கள் ஒரு நாளாவது ஜெராய் மலையில் உட்கார்ந்து பருந்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை பார்த்த மாமா ஒவ்வோர் அக்டோபரிலும் விடுப்பு எடுத்துக்கொண்டு மலை ஏறிவிடுவார். வடக்கே குளிர் தொடங்கியதும் தெற்கே பறந்துபோகும் பருந்துகளை எண்ணுவதற்கு ஒரு குழு இருந்தது. மாமா அதில் ஒருவர். அந்த வருடம் என்னையும் கூட்டிப்போனார். கிழக்கு வானம் அவருக்கு, மேற்கு வானம் எனக்கு. அமுக்க அமுக்க எண் கூடும் குட்டிக் கருவி ஒன்றையும் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கக்கூட என்னை யாரும் நம்பியதில்லை.

புளிச்சோற்றோடு பெரியம்மாவும் வந்தார். வந்தவர் சோற்றோடு நின்றிருக்கலாம்.

மத்தியானம் என் பக்கத்தில் பருந்துகள் கூட்டமாகச் சுழன்று வந்தன. கழுத்து வலிக்க வலிக்க அமுக்கினேன். நூற்று அறுபத்து மூன்றில் பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கருடன் போவுது, கண்ண மூடிக் கும்புடு. பரீட்ச வருதுலா."

மூடினேன், கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். திறந்தபோது மிச்சக் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அது கருடன்கூட இல்லை, வெறும் தேன்பருந்து.

மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எரநூத்தி ஒண்ணுன்னு எழுது தம்பி, யாரு வந்து எண்ணப் போறா" என்று மாமாவிடம் சொன்னார் பெரியம்மா.

மாமா கணக்குத் தாளில் நூற்று அறுபத்து மூன்று என்று எழுதினார். கீழே, 'எண்ணியவர் ஒரு நிமிடம் வானத்தைப் பார்க்கவில்லை' என்று எழுதினார். அதற்கும் கீழே, எண்ணியவர் என்ற இடத்தில், தம் பெயரை எழுதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்து வலி எனக்கு, பேர் அவருக்கா? தீபாவளிக்கு அவர் வாங்கி வந்த பாவாடையை நான் தொடவே இல்லை.

அடுத்த அக்டோபரில் குழுவினர் மாமாவைக் கூப்பிடவில்லை. வானத்தைப் பார்க்காமல் விட்டவரை எப்படி நம்புவது என்று கேட்டார்களாம். அவர் விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போனார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"அடுத்தவங்க எண்ணுனத தன் பேர்ல எழுதுனா சாமி கண்ணக் குத்தும் மாமா."

"குத்தும்லா" என்றார் மாமா.