செங்கல் வைத்த பின்கதவு

ஸுல்பிகா மீன் வாங்கினால் வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் நிறுப்பாள். அதற்கென்றே குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தராசு. கற்பிட்டிக் கோட்டையடித் தெருவில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கணவன் மௌத்தானபோது அதே வீட்டில் விதவைக்குரிய இத்தாத் தனிமையும் இருந்து முடித்தவள். இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே இரண்டு பெண்மக்களைக் கரைசேர்த்தாள். மாவில் ஒன்றுமில்லை, எல்லாம் பின்முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர்தான் என்பாள். சுற்றிவரக் கடல் கிடந்தும் உப்புத் தட்டாத கிணறு அது.

பக்கத்துப் பெரிய வளவு நிலத்தை வாரிசுகள் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு விற்றார்கள். ஒல்லாந்தர் காலத்துச் சுவரில் பலகை ஏறியது: நாலு மாடி, இருபத்துநான்கு வீடு. பெண்கள் முக்காடில்லாமல் நடமாடும் முற்றங்களை மேலிருந்து எட்டிப் பார்ப்பார்களே, இத்தனை வீட்டு மலசலகூடக் குழிகளும் கிணறுகளைக் கெடுத்துவிடுமே என்று தெருவே கலங்கியது. ஸுல்பிகாவுக்கு அதைவிடப் பெரிய கவலை, தெருவில் கம்பனிக்கு உள்கையாள் யார் என்பது.

வளவுக்கும் அவளுடைய மதிலுக்கும் நடுவே எட்டடி முடுக்கு ஒன்று இருந்தது. பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வர முன்னோர் விட்ட வழி. எந்தக் காணி உறுதிப் பத்திரத்திலும் அது எழுதப்படவில்லை. ஆள் நடமாட்டம்தான் அதற்குச் சாட்சி. மற்றக் கதவுகள் காலத்தில் அடைபட்டுப் போக, மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஸுல்பிகாவுடையது, மற்றது முடுக்கின் மறுகோடியில் பரீனாவுடையது.

பரீனா தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து பெற்றோரோடு உடுத்த உடுப்போடு வந்த பிள்ளை. இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். ஆனாலும் ஸுல்பிகாவின் வாயில் அவள் இன்னும் ‘வந்த ஆள்’தான். அந்த வாய்தான் தினமும் அவள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தது. இரண்டு வீட்டுக்கும் இடையே சாப்பாட்டுப் பீங்கான்கள் போய்வந்தன. ஒருநாளும் ஒன்றும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

ஒரு பின்னேரம் ஸுல்பிகா முடுக்கால் போனபோது, பரீனாவின் கூடத்துக் கதிரையில் கம்பனிக்காரன் உட்கார்ந்திருந்தான். மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. இவளைக் கண்டதும் பரீனா எழும்பி வந்தாள்.

“பொறகு கதைப்பம் ராத்தா.”

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று ஸுல்பிகா கணக்கை முடித்துவிட்டாள். மறுநாளே மேசனைக் கூப்பிட்டுப் பின்கதவைக் கழற்றி, நிலையை நிரப்பிச் செங்கல் வைத்தாள். பரீனா இரண்டு முறை முன்கதவைத் தட்டினாள். இவள் திறக்கவில்லை. பரீனாவின் நீலப்பூப் பீங்கான் ஒன்று இவளுடைய அலுமாரியிலேயே தங்கிவிட்டது.

ஆறு மாதம் கழித்து அக்காவின் மகன் ஸியாத் வந்தான். புத்தளத்தில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்பவன். பிரதேச சபையிலிருந்து கட்டடக் கோப்பின் பிரதியைக் கொண்டுவந்திருந்தான்.

“சாச்சி, முடுக்கையும் சேர்த்துத்தான் அளந்திரிக்காங்க. குழி அதுக்குள்ளதான் வருது. உங்கட கிணத்துக்குப் பக்கத்துல.”

“பொது வழிய எப்பிடி எடுப்பாங்க?”

“ஆரும் பொழங்கல்லயாம். சபையால பார்க்க வந்த நேரம் இந்தப் பக்கம் கதவில்ல, செங்கல்லுதான் இரிந்திச்சாம்.”

“அவள்தான் சொல்லிக் குடுத்திருப்பாள்.”

ஸியாத் அடுத்த தாளைப் புரட்டிக் காட்டினான். பரீனாவின் கையெழுத்து. கம்பனிக்காரன் வந்ததற்கு மறுநாள் தேதி. ‘இந்த முடுக்கால் ஸுல்பிகா ராத்தா தினமும் என் வீட்டுக்கு வருவார். இதை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.’ கீழே சபை அதிகாரியின் கையெழுத்தில் ஒரு வரி: ‘பார்வையிட்டேன். கதவு இல்லை.’

ஸுல்பிகாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. மீனை நிறுத்த அளவுக்குக்கூட மனிசியை நிறுத்துப் பார்க்கவில்லையே. தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டவளாகிப் போனாள்.

“மனுக் குடுக்க வெள்ளிக்கிழம வரைக்கும்தான் தவண இரிக்கி,” என்றான் ஸியாத். “ரெண்டு வீட்டாரும் ஒண்டாக் கையெழுத்து வெச்சாத்தான் திரும்பப் பார்ப்பாங்க.”

அவன் எழுதித் தந்த மனுவில் முதலில் தன் கையெழுத்தை வைத்தாள். அலவாங்கை எடுத்துச் செங்கல்லைப் பெயர்த்தாள். அப்பால் முடுக்கை மறித்துக் கம்பனியின் தகரம் நின்றது. நீலப்பூப் பீங்கானில் சூடான இடியாப்பத்தை வைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, தெருவைச் சுற்றிப் போய் விருந்தாளி மாதிரி முன்கதவைத் தட்டினாள்.

பரீனா திறந்தாள். பீங்கானை வாங்கிக்கொண்டாள்.

“நான் பிழையா நெனச்சிட்டேன் பரீனா. மன்னிச்சிக்க.”

“இரிங்க ராத்தா.”

தேத்தண்ணி வந்தது. ஸுல்பிகா மனுவை நீட்டினாள். முன்பெல்லாம் இவள் காட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுகிற பரீனா, அன்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“எங்கட அவர் வரட்டும் ராத்தா. அவருக்கிட்டயும் காட்டிட்டு ஒப்பம் போடுறேன்.”

அன்று புதன்கிழமை. பரீனாவின் இடத்தில் இருந்திருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்பாள் என்பது ஸுல்பிகாவுக்கு நன்றாகத் தெரிந்தது.