ரோமாபுரித் தங்கமும் எங்கள் அத்தையும்

ரோமாபுரிக்காரர்களோடு எங்கள் அத்தைக்கு உறவு கொண்டாடி வைத்தவள் நான்தான். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசிப்போகிறது.

ராஜபாளையத்தில் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது சரித்திர டீச்சர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம் காட்டினார். ஸ்பெயின் தேசத்தில், மரங்களுக்கு நடுவே செக்கச் செவேலென்று உடைந்து நிற்கும் குன்றுகள். ஒரு காலத்தில் ரோமாபுரிக்காரர்கள் மேலேயிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, மலையையே சரித்து, அந்த மண்ணை அரித்துத் தங்கம் எடுத்தார்களாம். இப்போது மரம், மண் எதையும் யாரும் தொடாமல் காப்பாற்றுகிறார்களாம். எங்கெங்கிருந்தோ சனங்கள் வந்து பார்க்கிறார்களாம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அத்தை செய்வதும் அதே வேலைதானே. ஸ்ரீவில்லிபுத்தூரில் நகை செய்யும் பத்தர்கள் தெருவைக் கூட்டி, சாக்கடைச் சகதியை அள்ளி, மரத்தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டுவாள். மண் கழிந்து அடியில் பொன்பொடி மினுங்கும். மாமா இறந்த பிறகு அத்தையும் அவள் மகளும் சாப்பிட்டது அதில்தான். "யாரும் கேட்டா பட்டறையில வேலைன்னு சொல்லுட்டி" என்பாள். எனக்கு ரோமாபுரி வேலையும் அத்தை வேலையும் ஒன்றாகத்தான் பட்டது.

அந்த வருஷம் அத்தை மகளுக்குத் தளவாய்புரத்தில் ஒரு இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் தங்கை என் வகுப்பு, என் பெஞ்சு.

ஆண்டாள் கோயிலுக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். திரும்பும்போது பத்தர்கள் தெரு வழியாக நடந்தோம். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடையோரம் குந்தியிருந்தாள். முழங்கை வரை சகதி. மாப்பிள்ளையின் தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"டீச்சர், இதான் எங்க அத்தை. ரோமாபுரி வேலை பாக்காக."

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். எல்லோரையும் அத்தையைச் சுற்றி நிற்கவைத்தார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் பிடித்திருந்த கையையும், அந்தக் கைக்குரியவளையும் பார்த்தாள். முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, "யாரு பிள்ளையோ தெரியலயே, ஆள் மாறிக் கூப்பிடுது" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்தை, நான்தான், ஒங்க அண்ணன் மக" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

தளவாய்புரத்துக்காரர்கள் பூ வைக்க வரவில்லை. அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டாள். விஷயம் தெரிந்து அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கியபோது, அத்தைதான் குறுக்கே வந்து நின்றாள்.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய அண்ணே" என்றவள், என் பக்கம் திரும்பி, "வெயில்ல கண்ணு மங்கிப்போச்சு தாயி, அதான் ஒன்னைய அடையாளம் தெரியல" என்றாள்.

பாவம் அத்தை என்று நினைத்தேன். அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்லி அப்பாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.